சட்டப் பேராசிரியரின் சாதனை சேரிக்கு எப்போது வந்து சேரும்?

சட்டக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் நூல் எழுதினார், ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார், அவர் எழுத்தை உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது என்றெல்லாம் கல்லூரிகளின் ஆண்டறிக்கைகளில் படிக்கிறோம். படித்துப் பாராட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். விடியும் முன்பே ஏலத்தோட்டத்து ஜீப்பில் ஏறிக் கம்பம் மெட்டைத் தாண்டிப் போகும் பெண்ணுக்கு அந்தக் கட்டுரையால் என்ன பயன்? சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்கள் என்று மனு எழுதிக்கொண்டு காவல் நிலைய வாசலில் காத்திருக்கும் பெரியவருக்கு அந்த நூலால் என்ன ஆகும்?

கேள்வி நியாயமானது. ஆனால் 'ஒன்றும் ஆகாது' என்பது சரியான பதில் அல்ல. சட்ட ஆசிரியர்கள் வகுப்பறைக்கு வெளியே செய்த வேலை, ஒடுக்கப்பட்டவர்களின் வாழ்க்கையை நேராகத் தொட்ட சந்தர்ப்பங்கள் பல உண்டு. அவற்றை அறிந்துகொள்ள இப்போது நமக்குக் கூடுதல் காரணம் இருக்கிறது. 2019-20 கல்வியாண்டில் சேலம், நாமக்கல்லோடு சேர்த்துத் தேனிக்கும் அரசு சட்டக் கல்லூரி வந்தது. அதுவரை பெரியகுளம், போடி, உத்தமபாளையம் பக்கத்துப் பிள்ளைகள் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போய்த்தான் சட்டம் படித்தார்கள். கல்லூரி நம் மாவட்டத்துக்கு வந்துவிட்டது. அங்கே உருவாகும் அறிவு நம் தெருவுக்கு வருமா என்பதே இனி நாம் கேட்க வேண்டியது.

முதல்வர் நாற்காலியில் அம்பேத்கர்

சட்ட ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம்மிடம் ஒரு பெரிய அளவுகோல் இருக்கிறது. அண்ணல் அம்பேத்கரை அரசமைப்புச் சட்டத்தை வரைந்தவராக எல்லோரும் அறிவோம். அவர் சட்டக் கல்லூரி ஆசிரியராகவும் இருந்தார் என்பது நம்மில் பலருக்கு நினைவிருப்பதில்லை. பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பகுதிநேர விரிவுரையாளராக இருந்த அவர், 1935 சூனில் அதே கல்லூரியின் முதல்வரானார். 1938 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அந்த மூன்று ஆண்டுகளில் அவர் செய்தவற்றை வரிசைப்படுத்திப் பாருங்கள். 1935 அக்டோபரில் இயோலா மாநாட்டில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, மாநாடு நடக்காமல் போனதால், 'சாதி ஒழிப்பு' உரையைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். அதே ஆண்டில் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1937இல் பம்பாய் மாகாணத் தேர்தலில் வென்று, கொங்கண் பகுதி விவசாயிகளைப் பிழிந்த கோத்தி நில முறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். மகாட் குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக 1927இல் தொடங்கிய வழக்கில், 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் நம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் பெயர் சொல்லி எதிர்வாதியாக நிறுத்தப்பட்டிருந்தவர் ஒரு சட்டக் கல்லூரியின் முதல்வர்!

இதற்கிடையே சட்டக் கல்வியை எப்படிச் சீர்திருத்த வேண்டும் என்று கல்லூரி இதழில் ஒரு கட்டுரையும் எழுதினார். சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது, சமூகத்தைப் பற்றிய பரந்த அறிவும் தெளிவாக எடுத்துரைக்கும் திறனும் வழக்கறிஞருக்கு வேண்டும் என்பது அதன் சாரம். சொத்து மாற்றுச் சட்டம், சாட்சியச் சட்டம், காலவரையறைச் சட்டம் ஆகியவை பற்றி அவர் எழுதிவைத்த குறிப்புகள் அவருடைய நூல் தொகுதிகளில் இன்றும் கிடைக்கின்றன. பாடம் நடத்துவதையும் போராடுவதையும் அவர் தனித்தனி வேலைகளாகப் பிரித்துக்கொள்ளவில்லை.

நான்கு ஆசிரியர்கள், ஒரு கடிதம்

மகாராட்டிரத்தில் மதுரா என்ற பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்துக்குள்ளேயே வல்லுறவுக்கு ஆளானாள். உடலில் காயம் இல்லை, அவள் கூச்சலிடவில்லை, ஆகவே அது சம்மதம்தான் என்ற தோரணையில் 1978 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டு காவலர்களையும் விடுவித்தது. உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகு யார் என்ன பேச முடியும் என்று நாடு இருந்தது.

ஓராண்டு கழித்து, 1979 செப்டம்பரில், உபேந்திர பக்சி, லோத்திகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தகம்வார் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். ஏழைச் சிறுமி, அவளைச் சுற்றிச் சீருடை அணிந்த காவலர்கள், இரவு நேரம். இந்த நிலையில் அடங்கிப் போவதற்குச் சம்மதம் என்று பெயரா என்று கேட்டார்கள். லோத்திகா சர்க்கார் டில்லி பல்கலைக்கழகச் சட்டத் துறையின் முதல் பெண் ஆசிரியர். அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு 1980இல் பெண்கள் அமைப்புகள் நகரங்களில் தெருவுக்கு வந்தன. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலர், அரசு ஊழியர், சிறை அலுவலர் ஆகியோரின் காவலில் நடக்கும் வல்லுறவு தனிக் குற்றமாக்கப்பட்டது. அத்தகைய வழக்கில், தான் இசையவில்லை என்று பெண் நீதிமன்றத்தில் சொன்னால், இசைவு இல்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்ற விதியும் வந்தது.

நான்கு பேரும் தேர்தலில் நின்றவர்கள் அல்லர். அவர்களிடம் இருந்தது சட்ட அறிவும் அதை யாருக்காகப் பயன்படுத்துவது என்ற தெளிவும்தான்.

அமெரிக்கக் கட்டுரை, ஆந்திரத்துப் பெண்

கிம்பர்லே கிரென்ஷா ஓர் அமெரிக்கக் கருப்பினச் சட்டப் பேராசிரியர். 1989இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை இன்று உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. அதில் அவர் எடுத்துக்கொண்ட வழக்குகளில் ஒன்று செனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது கருப்பினப் பெண்கள் தொடுத்தது. வேலையில் தங்களுக்குப் பாகுபாடு காட்டப்படுகிறது என்றார்கள். நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, கருப்பினத்தவரையும் எடுத்திருக்கிறது, இரண்டையும் சேர்த்துத் தனி வகையாக வழக்குப் போட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. உண்மை என்னவென்றால், வேலை பெற்ற பெண்கள் வெள்ளையர், வேலை பெற்ற கருப்பினத்தவர் ஆண்கள். கருப்பினப் பெண் இரண்டு கணக்கிலும் விடுபட்டாள். பல ஒடுக்குமுறைகள் ஒரே ஆளின் மேல் ஒரே நேரத்தில் குறுக்கும் நெடுக்குமாக விழுகின்றன, ஒன்றை மட்டும் பார்க்கும் சட்டம் அவளைப் பார்ப்பதே இல்லை என்று கிரென்ஷா விளக்கினார்.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு அமெரிக்கா தேவையில்லை. தலித் என்பதால் ஊரில் ஒதுக்கப்பட்டு, பெண் என்பதால் கூலியில் குறைக்கப்பட்டு, கூலி என்பதால் மேஸ்திரியின் வசவைக் கேட்டுக்கொண்டு வேலை செய்யும் பெண்கள் நம் பள்ளத்தாக்கில் எத்தனையோ பேர். நம் பாட்டிகள் அனுபவித்ததற்குத்தான் அந்தப் பேராசிரியர் சட்ட மொழியில் பெயர் வைத்தார்.

அந்தப் பெயர் நம் உச்ச நீதிமன்றத்துக்கும் வந்து சேர்ந்தது. ஆந்திரத்தில் பிறவியிலேயே பார்வையில்லாத, பட்டியலினத்தைச் சேர்ந்த ஒரு பெண் வல்லுறவுக்கு ஆளான வழக்கில், 2021 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பு வந்தது. பட்டான் சமால் வாலி வழக்கு என்று அதைச் சொல்வார்கள். நீதிபதிகள் சந்திரசூட், எம்.ஆர்.ஷா அமர்வு, சாதி, பாலினம், உடற்குறை மூன்றும் சேர்ந்து அந்தப் பெண்ணை எப்படிப் பலவீனமான இடத்தில் நிறுத்தின என்பதைக் கிரென்ஷாவின் கருத்தை எடுத்துக்கொண்டு விரிவாக எழுதியது. குற்றவாளியின் ஆயுள் தண்டனை உறுதியானது.

ஆனால் அதே தீர்ப்பில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு கசப்பும் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனை நீக்கப்பட்டது. குற்றம் நடந்த 2011இல், பாதிக்கப்பட்டவர் பட்டியலினத்தவர் 'என்பதன் காரணமாகவே' குற்றம் நடந்தது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்கான சாட்சியம் திரட்டப்படவில்லை. 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, அவர் பட்டியலினத்தவர் 'என்று அறிந்து' குற்றம் செய்தாலே போதும். ஆகவே இன்று புகார் எழுதும்போது, எதிரி நம்மை எந்தச் சமூகம் என்று எப்படி அறிவார், ஒரே ஊரா, எத்தனை ஆண்டுப் பழக்கம் என்பதை முதல் மனுவிலேயே எழுதிவிடுவது நல்லது. இந்த ஒரு வரியை எழுதச் சொல்ல ஊருக்கு ஒரு சட்டம் படித்தவர் வேண்டும்.

தூக்குக் கொட்டடியில் எடுத்த கணக்கு

டில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அனுப் சுரேந்திரநாத் தலைமையில் மாணவர்களும் ஆய்வாளர்களும் செய்த ஒரு பணியைச் சொல்லாமல் இருக்க முடியாது. நாடு முழுவதும் மரண தண்டனை விதிக்கப்பட்டுச் சிறையில் இருந்தவர்களைத் தேடிப் போனார்கள். அடையாளம் கண்ட 385 பேரில் 373 பேர் இந்த ஆய்வில் இடம்பெற்றார்கள். 2016 மே மாதம் அறிக்கை வெளியானது. அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர், அதாவது 74.1 விழுக்காட்டினர், பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். 24.5 விழுக்காட்டினர் பட்டியலினத்தவரும் பழங்குடியினரும்.

'பணம் இருந்தால் தப்பித்துவிடலாம், ஏழை என்றால் கயிறுதான்' என்று டீக்கடையில் நாம் பேசுவதைச் சிறைச் சிறையாகப் போய்க் கணக்கெடுத்து, மறுக்க முடியாத ஆவணமாக ஆக்கினார்கள். அதன் பின் அந்தக் குழு தூக்குத் தண்டனைக் கைதிகளின் வழக்குகளிலும் உதவத் தொடங்கியது. அந்தப் பணிக்கு அவர்கள் வைத்த பெயரே 'திட்டம் 39 அ'. அரசமைப்பின் 39 அ பிரிவு, பணமில்லை என்பதால் எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று அரசுக்குச் சொல்கிறது.

கதவைத் திறந்துவிட்டவர்

கேரளத்தில் பிறந்த சம்னாத் பசீர், கொல்கத்தா தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அறிவுசார் சொத்துரிமைத் துறையில் பெரிய அறிஞர். புற்றுநோய் மருந்துக்கான காப்புரிமை பற்றிய நோவார்ட்டிசு வழக்கில், கட்சிக்காரர் எவருக்காகவும் அன்றி ஓர் ஆசிரியராகவே உச்ச நீதிமன்றத்தில் தம் கருத்தை எடுத்துவைத்தார். 2013இல் வந்த தீர்ப்பு மலிவு விலை மருந்து தொடர்ந்து கிடைக்க வழிவிட்டது. 2014இல் மானுடவியல் புலத்துக்கான இன்போசிசு விருது அவருக்குக் கிடைத்தது.

நமக்கு அதைவிட முக்கியமானது அவர் 2010இல் தொடங்கிய 'இடியா' என்ற இயக்கம். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ஆங்கிலப் பள்ளியில் படித்த நகரத்துப் பிள்ளைகளே நிறைந்திருப்பதைப் பார்த்து, கிராமத்துப் பிள்ளைகள், தலித், பழங்குடிப் பிள்ளைகள், உடற்குறை உள்ள பிள்ளைகள் ஆகியோரைத் தேடிப் பிடித்து நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தந்து, கட்டணத்துக்கும் வழி தேடித் தருவது அதன் வேலை. 2019இல், நடுத்தர வயதிலேயே பசீர் இறந்துபோனார். அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை.

அண்மை ஆண்டுகளில் இந்த வரிசையில் புதிய பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. சோனிபத் சிந்தால் சட்டப் பள்ளியில் பேராசிரியராக இருக்கும் சுமித் பௌத், தாம் தலித் என்பதை வெளிப்படையாகச் சொல்லி, சாதியும் பாலினமும் சந்திக்கும் இடத்தில் சட்டம் காக்கும் மௌனத்தைப் பற்றி எழுதி வருகிறார். அதே பள்ளியில் கற்பித்த அனுராக் பாசுகர், அரசமைப்புச் சிந்தனைக்கு அம்பேத்கரின் பங்கை விரித்துக் காட்டும் நூலை 2024இல் வெளியிட்டார். தருணாப் கைத்தான் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் பற்றி 2015இல் எழுதிய நூல் பல நாடுகளில் படிக்கப்படுகிறது. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த கமலா சங்கரன், தொழிலாளர் சட்டத்தில் நாடறிந்த அறிஞர்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பாடம்

சாதனைக்கு எப்போதும் விருது கிடைப்பதில்லை. விலை கொடுக்க வேண்டியும் வரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்டத் துறைத் தலைவராக இருந்த குமாரவடிவேல் குருபரன், 1996இல் நாவற்குழியில் இராணுவத்தால் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற்போன இளைஞர்களின் குடும்பங்களுக்காக ஆட்கொணர்வு வழக்குகளில் முன்னின்றார். அதன் பின் அவர் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்துகொண்டு வழக்காடக் கூடாது என்று தடை வந்தது. 2020இல் அவர் பல்கலைக்கழகப் பதவியை விட்டு விலகினார். சட்டத்தை வகுப்பில் மட்டும் சொல், வெளியில் சொல்லாதே என்று அதிகாரம் ஏன் விரும்புகிறது என்பதை அவர் அனுபவம் காட்டுகிறது.

நம் பள்ளத்தாக்கில் காத்திருக்கும் ஆய்வுகள்

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். ஆய்வுக்குத் தலைப்பு தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை. கம்பம், கூடலூர், போடி பகுதிகளிலிருந்து நாள்தோறும் இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களுக்குப் போய் வரும் தொழிலாளரை எடுத்துக்கொள்வோம். குடும்ப அட்டை இங்கே, வேலை அங்கே. வாகனம் கவிழ்ந்தாலோ மரம் விழுந்தாலோ இழப்பீடு கேட்டு எந்த மாநிலத்து அலுவலகத்துக்குப் போவது என்று தெரியாமல் பல குடும்பங்கள் கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுகின்றன. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் 1995இல் செய்த திருத்தமே, தொழிலாளியோ குடும்பத்தாரோ தாம் வசிக்கும் பகுதியின் ஆணையரிடம் மனுச் செய்யலாம் என்று வழி வைத்தது. இந்தச் செய்தி எத்தனை காலனிகளுக்குப் போய்ச் சேர்ந்தது? இப்போது 29 பழைய தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக மாற்றிவிட்டார்கள். எந்த உரிமை நின்றது, எது போனது என்று எளிய தமிழில் சொல்ல ஆள் வேண்டும். அது ஒரு சட்ட ஆசிரியருக்கும் அவர் மாணவர்களுக்கும் உகந்த வேலை அல்லவா?

வன்கொடுமை வழக்குகள் ஏன் இழுத்தடிக்கப்படுகின்றன, சாட்சிகள் ஏன் பிறழ்கிறார்கள், நிவாரணத் தொகை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதையும் மாவட்ட அளவில் யாராவது கணக்கெடுக்க வேண்டும். டில்லியில் தூக்குக் கைதிகளுக்குச் செய்ததைத் தேனியில் வன்கொடுமை வழக்குகளுக்குச் செய்யலாம். அப்படி ஓர் அறிக்கை தமிழில் வந்தால் அதுவே பெரும் சாதனை.

இதற்கு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். அரசு சட்டக் கல்லூரிகளுக்கு இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர்களைத் தேர்வு செய்ய 2025இல் ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிட்டது. அந்தப் பணியிடங்கள் முழுமையாக நிரம்ப வேண்டும், பட்டியலினத்தவருக்கும் அருந்ததியருக்கும் பழங்குடியினருக்கும் உரிய இடங்கள் ஒன்றுகூடக் குறையாமல் நிரம்ப வேண்டும். அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்த 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்துக்கு, 2024 ஆகஸ்டு 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பு வலுச் சேர்த்திருக்கிறது. சட்டம் கற்பிக்கும் இடத்திலேயே சட்டப்படியான இடம் காலியாக இருந்தால் அதைவிடப் பெரிய முரண் இல்லை.

சட்டக் கல்லூரி ஊருக்குள் வர வேண்டும் என்பது நம் விருப்பம் மட்டும் அன்று. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டமே, சட்டக் கல்லூரிகளில் மக்களுக்கு உதவியபடி கற்கும் முறையை வளர்க்க வேண்டும் என்கிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு காலனி என்று கல்லூரியின் சட்ட உதவி மையம் கிளம்பினால், ஓராண்டில் 12 ஊர்களுக்குப் போய்விடலாம்.

மாணவர்களுக்கு

பிளஸ் டூ முடித்த தம்பி, தங்கைகளுக்குச் சில செய்திகள். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு மதிப்பெண் அடிப்படையில்தான் சேர்க்கை. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குக் குறைந்த அளவு 40 விழுக்காடு மதிப்பெண் போதும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குத்தான் 'கிளாட்' நுழைவுத் தேர்வு. படித்து முடித்து வழக்கறிஞராகப் பதிவு செய்யப் பல்லாயிரம் ரூபாய் வேண்டும் என்ற அச்சமும் இனி வேண்டாம். 2024 சூலை 30 அன்று உச்ச நீதிமன்றம், பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியலின, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதிகக் கட்டணம் எளிய குடும்பத்துப் பிள்ளைகளை இந்தத் தொழிலிலிருந்து விரட்டும் என்பதை அந்தத் தீர்ப்பு தெளிவாகவே சொன்னது.

வழக்கறிஞர் ஆவது நல்லது. சட்ட ஆசிரியர் ஆவதையும் கனவாக வையுங்கள். சட்ட மேற்படிப்பும் அதற்குரிய தகுதித் தேர்வும் முடித்தால் அந்த வழி திறக்கும். ஒரு வழக்கறிஞர் ஒரு வழக்கை வெல்கிறார். ஒரு நல்ல ஆசிரியர் நூறு வழக்கறிஞர்களை நம் பக்கம் நிற்கப் பழக்குகிறார்.

மற்றவர்களுக்கும் ஒன்று. பட்டியலினத்தவரும் பழங்குடியினரும், சாதி எதுவானாலும் பெண்களும், வருமான வரம்பு எதுவும் இன்றி இலவசச் சட்ட உதவி பெற உரிமை உள்ளவர்கள். நீதிமன்ற வளாகங்களில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம், அல்லது 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். வன்கொடுமைப் புகாரைப் பதிவு செய்வதும், எழுதியதைப் படித்துக் காட்டுவதும், முதல் தகவல் அறிக்கையின் நகலைத் தருவதும் காவல் அலுவலரின் கடமை. பட்டியலினத்தைச் சேராத அரசு ஊழியர் இந்தக் கடமையை வேண்டுமென்றே தவிர்த்தால், அதே சட்டத்தின் 4ஆம் பிரிவில் அவருக்குத் தண்டனை உண்டு.

தேனி சட்டக் கல்லூரியின் ஆசிரியர்கள் எழுதும் நூல்களையும் கட்டுரைகளையும் நாம் மனமார வரவேற்போம். கூடவே, இந்த ஆண்டு எந்தக் காலனிக்குப் போனீர்கள், எந்தக் கூலிப் பெண்ணின் மனுவை எழுதித் தந்தீர்கள் என்றும் உரிமையோடு கேட்போம். அந்தக் கேள்விக்கான பதிலும் கல்லூரியின் ஆண்டறிக்கையில் இடம்பெறட்டும்.